வண்டி பாதையில் நிற்கட்டும், கட்டை அங்கே வரட்டும்

மினி டிராக்டர் வாங்கிய பலரும் விறகுக்குப் போனால் முதலில் செய்வது, மரம் விழுந்து கிடக்கிற இடத்துக்கே வண்டியை ஓட்டிக்கொண்டு போவது. வண்டி இருக்கும்போது எதற்கு நடக்க வேண்டும் என்கிற நினைப்பு. சமமான நிலத்தில் அதில் தப்பே இல்லை. பாறையும் தூரும் பள்ளமும் கலந்த சரிவில் அந்தப் பழக்கம்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

நான் விறகு எடுக்கிற இடம் அப்படிப்பட்டது. ஒரு பக்கம் பாறைத் திட்டு, நடுவே மழைநீர் அரித்துப் போட்ட வாய்க்கால், மற்றதெல்லாம் முள்ளும் பழைய அடித்தூரும். அங்கே என் வண்டி போகிற பாதை ஒன்றுதான் இருக்கிறது. அதை விட்டு நான் இறங்குவதில்லை. கட்டை எங்கே கிடந்தாலும் சங்கிலியிலோ கயிற்றிலோ பாதைக்கு வந்து சேர வேண்டும். கீழே எழுதியிருப்பது எல்லாமே இந்த ஒரு ஏற்பாட்டைச் சுற்றித்தான்.

வண்டியைத் தயார் செய்வது

என்னுடையது 24 குதிரைத்திறன், ஃபோர் வீல் டிரைவ், எதையும் மாட்டாமல் சுமார் 900 கிலோ. குதிரைத்திறனைவிட அந்த எடைதான் முக்கியம். இன்ஜினுக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் சக்கரம் மண்ணைப் பிடிக்கிற அளவுக்குத்தான் இழுக்க முடியும், அந்தப் பிடி எடையிலிருந்து வருகிறது. காய்ந்த கெட்டித் தரையில் வண்டி தன் எடையில் பாதி அளவுக்கு இழுத்தாலே நல்ல இழுவை. சருகு மூடிய சரிவில் அதுவும் கிடைக்காது.

அதனால் பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருக்கிறேன். வண்டியை ஜாக்கியில் தூக்கி, வால்வு உச்சியில் நிற்கும்படி சக்கரத்தைத் திருப்பி, வால்வு மட்டம் வரை தண்ணீர் விட்டால் டயரில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிறையும், மேலே காற்று. டயரின் அளவைப் பொறுத்து ஒரு பக்கத்துக்கு 80 முதல் 150 கிலோ வரை கூடுகிறது. அந்த எடை தரைக்கு அருகிலேயே உட்கார்வதால் பிடியும் கூடும், வண்டி சாய்கிற பயமும் குறையும். தண்ணீர் உறைகிற குளிர்ப் பகுதியில் வெறும் தண்ணீர் விட்டால் டயர் கெட்டுவிடும். அங்கே கால்சியம் குளோரைடு கரைசல் விடுவார்கள். அது தண்ணீரைவிடக் கனம், ஆனால் இரும்பை அரிக்கும், ஆகவே டியூப் இருக்கிற டயருக்கு மட்டும்.

பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தையும் பாருங்கள். பல வண்டிகளில் ரிம்மைத் திருப்பிப் போட்டாலே அகலம் கூடும், எப்படி என்பது வண்டியோடு வந்த கையேட்டில் படமாகவே இருக்கும். வரிசைப் பயிர்களுக்கு நடுவே ஓட்டக் குறுக்கி வைத்த அகலத்தோடு சரிவில் ஏறாதீர்கள்.

ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவர் நசுங்காமல் காக்கும் இரும்பு வளைவு) பற்றி அதிகம் சொல்லத் தேவையிருக்கக் கூடாது, ஆனால் இருக்கிறது. சுவீடன் 1959-இலேயே புதிய டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது, அங்கே கவிழ்ந்து சாகிறவர்களின் எண்ணிக்கையும் இறங்கியது. இன்றைக்கு வருகிற மினி டிராக்டர்களில் பெரும்பாலும் மடக்கு ரோல் பார் இருக்கிறது. சிக்கலே அந்த மடக்கில்தான். தாழ்ந்த கிளை ஒன்று தட்டுகிறது என்று மடக்குகிறோம், பிறகு நிமிர்த்த மறந்துவிடுகிறோம். கிளை தட்டினால் கிளையை வெட்டுங்கள். பார் நிமிர்ந்திருந்தால் பெல்ட் கட்டாயம் போட வேண்டும். மடங்கியிருந்தால் பெல்ட் போடக் கூடாது, கவிழும்போது வண்டியோடு சேர்த்துக் கட்டிப்போட்டதாகிவிடும். பெல்ட் இல்லாத ரோல் பாரில் முழுப் பலன் இல்லை, தூக்கி எறியப்பட்ட ஆள் மேலேயே அந்தப் பார் வந்து விழலாம்.

அடிவயிற்றுக்கு ஒரு தகடு போடுங்கள். தரையில் கிடக்கும் குச்சி ஒன்றின் நுனியை முன் சக்கரம் மிதித்தால் மறுநுனி நிமிர்ந்து வண்டிக்குள் குத்தும். டீசல் ஃபில்டர் கிண்ணம், ஹைட்ராலிக் குழாய், பிரேக் கம்பி, ஒயர் எல்லாம் அங்கேதான் தொங்குகின்றன. வெல்டிங் பட்டறையில் போல்ட் வைத்துக் கழற்றுகிற மாதிரி செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆயில் மாற்றும்போது வருத்தப்படுவீர்கள். டயர் வால்வையும் குச்சி பிடுங்கும். ரிம்முக்குள் ஒரு சிறு இரும்புப் பட்டையை வால்வுக்கு மறைப்பாக வைத்தால் போதும்.

பாதை

முதலில் வண்டி இல்லாமல் நடந்து பாருங்கள். கையில் அரிவாளும் ஒரு நீளக் கம்பும் போதும். புல் மூடிய இடத்தையெல்லாம் கம்பால் குத்திப் பார்க்க வேண்டும், கறையான் அரித்த தூருக்கு அடியிலும் எலி தோண்டிய வளைக்கு மேலும் புல் ஒரே உயரத்தில்தான் நிற்கும். அடித்தூர் கண்ணில் பட்டால் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுப் பளிச்சென்று தெரிகிற துணி கட்டிவிடுங்கள். அறுத்த மரத்தின் தூரைத் தரைமட்டத்துக்கு அறுத்துவிடுவது இன்னும் நல்லது.

சரிவில் பாதை நேர் மேலாகவோ நேர் கீழாகவோ போகட்டும். குறுக்காகப் போகிற பாதையைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். ஏன் என்று ஒரு கணக்கில் சொல்கிறேன். சின்ன வண்டியில் பின் சக்கரங்களின் இடைவெளி ஏறக்குறைய 1 மீட்டர். நீங்கள் 10 டிகிரி சரிவில் குறுக்காகப் போகிறீர்கள், அது பெரிய சரிவாகவே தெரியாது. மேற்பக்கச் சக்கரம் 15 செ.மீ. உயரக் கல்லில் ஏறுகிறது, அதே நேரம் கீழ்ப்பக்கச் சக்கரம் 10 செ.மீ. பள்ளத்தில் இறங்குகிறது. 1 மீட்டருக்கு 25 செ.மீ. வித்தியாசம் என்றால் 14 டிகிரி. சரிவோடு சேர்த்தால் 24 டிகிரி. அதோடு லோடரையும் (முன்பக்கம் சுமை தூக்கும் கை) உயர்த்திப் பிடித்திருந்தால் வண்டி திரும்பி வராது. சரிவு மட்டும் அல்ல, கல்லும் குழியும் சேர்ந்துதான் கவிழ்க்கின்றன.

ஒரே பாதையைப் பயன்படுத்துவதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. டயர் மிதித்த மண் இறுகிப் போகும், வேர்கள் மூச்சுவிட முடியாது, மழையில் அந்தத் தடமே வாய்க்காலாகும். அது ஒரே இடத்தில் நடந்தால் சமாளிக்கலாம். மண் ஈரமாக இருக்கும் நாட்களில் நான் வண்டியை எடுப்பதே இல்லை. உருட்டிய மண் உள்ளங்கையில் கயிறு மாதிரி நீண்டால் அன்றைக்கு வேலை கிடையாது.

வண்டியைத் திருப்ப ஒன்றிரண்டு சமதரை இடம் வேண்டும். அவற்றையே கட்டை சேர்க்கிற களமாகவும் வைத்துக்கொள்ளலாம். அப்புறம், அது யாருடைய நிலம், எதை எடுக்கலாம், அனுமதி வேண்டுமா என்பதையெல்லாம் பாதை போடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

எந்தக் கட்டை, எவ்வளவு கனம்

விழுந்து, தரையில் படாமல் வேறு எதன் மீதாவது தாங்கி நிற்கிற கட்டைதான் எனக்கு முதல் தேர்வு. பட்டை கழன்றிருக்கும், கோடாரியின் பின்பக்கத்தால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். பொத்தென்று கேட்டால் உள்ளே உளுத்துவிட்டது, அதை விட்டுவிடுவேன். அது விறகாகாது, பூஞ்சைக்கும் வண்டுக்கும் பயன்படும். பறவை கூடு வைத்த பொந்து மரத்தையும் தொடுவதில்லை.

தூக்குவதற்கு முன் எடையைக் கணக்குப் போடுவது கட்டாயம். குறுக்களவை மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்குங்கள். கிடைப்பது கன மீட்டர். பச்சைக் கட்டைக்கு ஒரு கன மீட்டர் ஒரு டன் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஏமாற மாட்டீர்கள். 30 செ.மீ. குறுக்களவு, 3 மீட்டர் நீளம் என்றால் 0.21 கன மீட்டர், ஏறக்குறைய 210 கிலோ. அதே நீளத்தில் 60 செ.மீ. குறுக்களவு என்றால் 850 கிலோ. குறுக்களவு இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்கு. பார்வைக்கு அது தெரியாது, அதனால்தான் நாடா எடுத்துப் போகச் சொல்கிறேன்.

வண்டி எடையில் பாதிக்கு மேல் கனக்கிற கட்டையை நான் தரையில் இழுப்பதில்லை. ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் இருந்தால் கிடக்கிற இடத்திலேயே இரண்டாக அறுத்துவிடலாம். விறகுக்குத்தானே, பலகைக்கு இல்லையே.

சங்கிலியில் இழுப்பது

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

டிராக்டர் பக்கவாட்டில் கவிழும் என்பது எல்லாருக்கும் தெரியும். பின்பக்கமாக மல்லாந்து விழும் என்பது பலருக்குத் தெரியாது. இழுத்து வருகிற கட்டை ஒரு தூரில் மாட்டுகிறது. பின் சக்கரங்கள் நின்றுவிடுகின்றன, ஆனால் இன்ஜின் அச்சைத் திருகிக்கொண்டே இருக்கிறது. சக்கரம் சுற்ற முடியாதபோது அந்தத் திருகல் வண்டியின் உடலைத் தூக்கும். முன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்புகிறது. சங்கிலி கட்டிய இடம் அச்சுக்கு மேலே இருந்தால் சங்கிலியும் சேர்ந்து பின்னுக்கு இழுக்கும். இவ்வளவும் ஒரு விநாடிக்குள் நடந்துவிடும், கிளட்ச்சை மிதிக்க வேண்டும் என்று யோசிப்பதற்குள் முடிந்துவிடும்.

ஆகவே சங்கிலியைக் கட்ட ஒரே இடம் டிராபார், அதாவது வண்டிக்கு அடியில் இருந்து பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைத் தண்டு. அது அச்சுக்குக் கீழே இருப்பதே இந்தக் காரணத்துக்காகத்தான். டாப் லிங்க் (பின்னால் கருவிகளைத் தூக்கும் லிஃப்டின் மேல் தண்டு) மாட்டுகிற இடத்திலோ, அச்சுக்கூட்டிலோ, இருக்கைக்குப் பின்னாலோ, ரோல் பாரிலோ ஒருநாளும் கட்டக் கூடாது. "கொஞ்ச தூரம்தானே" என்று ரோல் பாரில் கட்டிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச தூரம், நெடுந்தூரம் என்பதெல்லாம் அச்சுக்குத் தெரியாது.

கட்டையின் முன்நுனி தரையை உழாமல் வந்தால் இழுக்க வேண்டிய பலம் நன்றாகக் குறையும். அதற்குச் சிலர் லிஃப்டின் இரண்டு கைகளுக்கு நடுவே குறுக்குத் தண்டு போட்டு, அதில் சங்கிலியை மாட்டித் தூக்குகிறார்கள். நானும் செய்கிறேன், இரண்டு கட்டுப்பாட்டோடு. நுனி தரையை விட்டுச் சற்று எழும்பினால் போதும், தண்டு எப்போதும் அச்சு மட்டத்துக்குக் கீழேயே நிற்க வேண்டும். இரண்டாவது, லிஃப்ட் லீவரை எட்டிவிடுகிற தூரத்தில் கை இருக்க வேண்டும். கட்டை மாட்டினால் லீவரை இறக்கிவிடுகிறேன், நுனி தரையில் உட்கார்ந்து இழுவிசை குறைந்துவிடும். இந்த வேலையைச் சமதரையிலும் மெல்லிய சரிவிலும் மட்டும்தான் செய்வேன். ஏற்றம் கூடினால் டிராபாருக்கே திரும்பிவிடுவேன்.

சங்கிலி 8 மி.மீ., கிரேடு 70 (கிரேடு என்பது எஃகின் பலத்தைக் குறிக்கும் எண்). கிரேடு எண் கண்ணியிலேயே பொறித்திருக்கும், பொறித்திராத சங்கிலியை வாங்காதீர்கள். இந்த அளவுக்கு அனுமதித்த சுமை சுமார் 2 டன், நம் வண்டிக்கு அது தாராளம். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். ரப்பர் மாதிரி நீளும், அறுந்தால் கொக்கியோடு திரும்பி வரும்.

கட்டுவது இப்படி. அடிப்பக்கத்து நுனியிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சங்கிலியைச் சுற்றி, கொக்கியைச் சங்கிலியிலேயே மாட்டிச் சுருக்குப் போடுங்கள். கிளைகளை அடியோடு சீவியிருக்க வேண்டும், ஒரு சாண் மிச்சம் வைத்தால் அது நங்கூரம். முன்நுனியின் விளிம்பைச் செயின்சாவால் சுற்றிலும் சரிவாகச் சீவிவிட்டால் தூர் மேல் ஏறிப் போகும், முட்டி நிற்காது. கட்டைக்கும் வண்டிக்கும் நடுவே சங்கிலி மிக நீளமாக இருந்தால் வளைவில் கட்டை பாதையை விட்டு வெளியே போகும், மிகக் குட்டையாக இருந்தால் டயரில் இடிக்கும்.

கிளம்பும்போது சங்கிலி விறைக்கும்வரை ஊர்ந்து போய், பிறகு கீழ்க் கியரிலேயே இழுக்க வேண்டும். வெட்டி இழுப்பது என்பதே கூடாது. மாட்டிக்கொண்டால் பின்னால் வந்து, சங்கிலியைத் தளர்த்தி, இறங்கிப் பாருங்கள். சங்கிலியை ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றி, தூருக்கு எதிர்ப்பக்கம் உருளும்படி திசையை மாற்றி மாட்டினால், இழுக்கும்போது கட்டை தானே உருண்டு விலகும். கடப்பாரையால் நெம்புவதைவிட இது எவ்வளவோ மேல். டிஃபரன்ஷியல் லாக்கை (இரண்டு பின் சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் பூட்டு) சக்கரம் வழுக்குவதற்கு முன்பே போடுங்கள், நேராகப் போகும்போது மட்டும். திருப்புவதற்கு முன் எடுத்துவிட வேண்டும்.

இறக்கத்தில் கட்டையைச் சங்கிலியில் இழுத்து வராதீர்கள். சங்கிலிக்குத் தள்ளத் தெரியாது, கட்டை வழுக்கி வந்து பின் சக்கரத்தில் ஏறும்.

வின்ச்

பாதையை விட்டு இறங்காமல் வேலை செய்ய வேண்டுமானால் வின்ச், அதாவது கயிற்றைச் சுருட்டி இழுக்கும் கருவி, இல்லாமல் முடியாது. லோடர் வாங்கலாமா, வின்ச் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், இந்த மாதிரி நிலத்தில் முதலில் வின்ச்.

பி.டி.ஓ.வில் (இன்ஜின் பலத்தைக் கருவிகளுக்குக் கொடுக்கும் பின்பக்கச் சுழல் தண்டு) ஓடுகிற வின்ச் லிஃப்டில் மாட்டுவது. அதன் பின்னால் அகலமான இரும்புத் தகடு ஒன்று இருக்கும். லிஃப்டை இறக்கினால் தகடு மண்ணில் ஊன்றிக்கொள்ளும். அப்போது இழுப்பதைத் தாங்குவது டயரின் பிடி அல்ல, மண்ணில் ஊன்றிய தகடு. அதனால்தான் தரையில் 400 கிலோவை இழுக்கத் திணறுகிற வண்டி இங்கே அதைவிட எவ்வளவோ கனமானதை நகர்த்துகிறது. பேட்டரியில் ஓடுகிற மின்வின்ச்சும் உண்டு. முழுச் சுமையில் அது சில நூறு ஆம்பியர் கேட்கும், மினி டிராக்டரின் ஆல்டர்னேட்டர் அதில் சிறு பங்குதான் தரும். இழுத்து, நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, மறுபடி இழுக்கிற பொறுமை இருந்தால் அதுவும் சரி.

கயிறு நேர் பின்னால் போக வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் வண்டியையே இழுத்துச் சாய்க்கும். கட்டை பக்கத்தில் கிடந்தால் உயிரோடு இருக்கிற பெரிய மரத்தின் அடியில், தரையை ஒட்டி, அகலமான பட்டையைச் சுற்றி அதில் கப்பி மாட்டித் திசையைத் திருப்பிக்கொள்ளலாம். சங்கிலியை நேராகச் சுற்றினால் மரத்தின் பட்டை உரிந்துவிடும். கப்பியில் கயிறு செங்கோணமாகத் திரும்பினால், கயிற்றில் உள்ள விசையைப் போல 1.4 மடங்கு அந்த மரத்தின் மேல் விழும். முழுதாகத் திரும்பி வந்தால் இரண்டு மடங்கு. சுற்றுகிற பட்டையையும் கப்பியை மாட்டும் இரும்பு வளையமான ஷேக்கிளையும் அந்தக் கணக்கில் வாங்குங்கள்.

விறைத்த கயிறு வளைந்து திரும்புகிற இடத்தின் உட்பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. கப்பி கழன்றால் கயிறு நேராகும், அந்த நடுவில் நிற்கிற ஆளை அறுத்துக்கொண்டுதான் நேராகும். எஃகுக் கயிற்றைவிட இப்போது வருகிற டைனீமா வகைச் செயற்கைக் கயிறு எனக்குப் பிடித்திருக்கிறது. எடை குறைவு, மேட்டில் இழுத்துக்கொண்டு ஏற முடிகிறது, அறுந்தாலும் எஃகு அளவுக்குச் சீறாது. பாறை விளிம்பில் உரசினால் மட்டும் சீக்கிரம் பிய்ந்துவிடும், அந்த இடத்தில் ஒரு பழைய சாக்கைப் போட்டுவிடுவேன்.

இது இரண்டு பேர் வேலை. மச்சான் கட்டையோடு நிற்பான், நான் வின்ச்சில். காது மூடி போட்டிருப்பதால் குரல் கேட்காது, கை அடையாளம் மட்டும்தான். உள்ளங்கையை உயர்த்தினால் நிறுத்து, அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. ஒருமுறை அவன் கொசுவை விரட்டக் கையை உயர்த்தினான், நானும் நிறுத்திவிட்டேன். "என்ன மச்சான், எதுக்கு நிறுத்தினீங்க?" என்று மேலிருந்து கத்தினான். "நீ கையைத் தூக்கின, நான் நிறுத்தினேன், இனிமேலும் அப்படித்தான்" என்றேன். அவன் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போனால் லீவரை விட்டுக் கையை எடுத்துவிடுவேன்.

வேறொரு மரத்தில் சாய்ந்து தொங்கி நிற்கிற மரத்துக்கும் வின்ச்தான். கீழே போய் அறுக்க வேண்டாம். அடிப்பகுதியில் சங்கிலி கட்டி, மரத்தின் நீளத்தைவிட அதிகத் தூரத்தில் வண்டியை நிறுத்தி, அடியைப் பின்னுக்கு இழுத்தால் தலை தானே இறங்கும். காய்ந்து நிற்கிற மரத்தை லோடரால் தள்ளுவது இதற்கு நேர் எதிரான வேலை. அடி ஆடும்போது நுனி முறிந்து தள்ளுகிறவர் தலையிலேயே விழும், ரோல் பார் அதைத் தாங்குவதற்குச் செய்ததும் அல்ல.

அறுத்த துண்டுகளை ஏற்றுவது

சங்கிலிக்கும் வின்ச்சுக்கும் தகாத கிளைத் துண்டுகளுக்குப் பின்பக்கம் லிஃப்டில் மாட்டுகிற பெட்டி. 1.2 மீட்டர் அகலம், ஆழமும் உயரமும் 60 செ.மீ. என்று இருந்தால் துண்டுகளை அள்ளிப் போட்டு நிரப்பினால் பச்சை விறகு ஏறக்குறைய 200 கிலோ வரும். டிரெய்லரைவிட எனக்குப் பெட்டி பிடிக்கும். பாதை குறுகல், டிரெய்லரைப் பின்னால் எடுப்பது தலைவலி, இறக்கத்தில் பிரேக் இல்லாத டிரெய்லர் வண்டியை முதுகில் தள்ளி மடக்கிவிடும்.

பெட்டி நிறைந்தால் முன் சக்கரம் லேசாகும், ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும். முன்னால் எடைத் தகடுகள் மாட்டலாம். கனமான துண்டுகளை வண்டியை ஒட்டிய பக்கம் அடுக்குங்கள். செங்குத்தான ஏற்றத்தில் நிறைந்த பெட்டியோடு முன்னோக்கி ஏறாமல், ரிவர்ஸில் ஏறுங்கள். கனம் மேட்டுப் பக்கம் இருக்கும், வண்டி மல்லாக்காது.

லோடரில் கட்டை தூக்குகிறவர்கள் முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட்டக் கூடாது. பின்னால் எதிர் எடை அவசியம்.

இறக்கத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பல மினி டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான். லோடரில் சுமையோடு இறங்கும்போது பின்பக்கம் லேசாகி, பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஃபோர் வீல் டிரைவைப் போட்டுவிட்டால் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். ஏறுவதற்குத்தான் ஃபோர் வீல் என்று நினைப்பவர்கள் இறங்கும்போது அதை எடுத்துவிடுகிறார்கள், அது தலைகீழ். இடது வலது பிரேக் பெடல்களை ஒன்றாகப் பூட்டிவிடுங்கள். மேலேயே கீழ்க் கியரைப் போட்டுவிட்டு இறங்குங்கள், நடுவில் கிளட்ச்சைத் தொடாதீர்கள். ஹைட்ரோஸ்டாட் வண்டியில் (எண்ணெய் அழுத்தத்தில் சக்கரத்தை ஓட்டுகிற வகை) சரிவில் வேக வரம்பை மாற்றும் ரேஞ்ச் லீவரை நகர்த்தினால், நியூட்ரலைக் கடக்கிற அந்த நொடியில் வண்டி உங்களுடையதாக இருக்காது.

களத்தில்

மண்ணில் இழுத்து வந்த கட்டையில் மணலும் கல்லும் ஒட்டியிருக்கும், செயின்சாவின் பல் ஒரே அறுப்பில் மழுங்கிவிடும். அறுக்கிற இடத்தில் பட்டையைக் கோடாரியால் செதுக்கிவிட்டு அறுங்கள். குறுக்கே இரண்டு சிறு கட்டைகளைப் போட்டு அதன் மேல் ஏற்றி வைத்தால் செயின்சாவின் பல் மண்ணைத் தொடாது. சரிவில் அறுக்க நேர்ந்தால் மேட்டுப் பக்கம் நில்லுங்கள், உருளுகிற கட்டை கீழேதான் போகும். பல மரங்கள் பச்சையாக இருக்கும்போதுதான் சுலபமாகப் பிளக்கும், காயட்டும் என்று காத்திருந்தால் கோடாரி துள்ளும். பிளந்ததைத் தரையில் படாமல் ஒற்றை வரிசையாக அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் அது விறகு. அதற்கு மேல் இருந்தால் எரிகிற சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், மிச்சம் புகை.

வேலை முடிந்து வண்டியை நிறுத்தியதும் கவனிக்க வேண்டியவை சில. ரேடியேட்டர் வலையில் அடைத்த சருகைத் தட்டிவிட வேண்டும். சைலன்ஸரைச் சுற்றியும் அடித்தகட்டுக்கு மேலேயும் சேர்ந்த காய்ந்த புல்லை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும், சூடான இன்ஜினோடு வண்டியைக் கொட்டகைக்குள் விட்டால் அதுதான் முதலில் பற்றும். வண்டியில் ஒரு சிறிய தீயணைப்பான் இருக்கட்டும். சக்கர நட்டுகளைச் சாவி போட்டுப் பார்ப்பேன், கல்லில் அடிபட்ட சக்கரத்தில் அவை தளரும். கடைசியாகச் சங்கிலியைக் கை வழியே ஓடவிட்டுக் கண்ணி கண்ணியாகப் பார்ப்பேன். நீண்டதோ, வளைந்ததோ, வெட்டு விழுந்ததோ ஒரே ஒரு கண்ணி இருந்தாலும் அந்தச் சங்கிலி இனி இழுவைக்கு இல்லை, கதவு கட்டப் போகட்டும்.